ஃப்யூஸ் போகவில்லை, வயர் உருகியது: இலவம்பாடி பிக்கப் ஒன்றின் ஃபாக் லைட் வயரிங்

வண்டி, முன்னால் பானெட் நீண்ட பழைய டீசல் பிக்கப். 12 வோல்ட், கேபிள் கிளட்ச். இலவம்பாடிப் பக்கமிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் கத்திரிக்காய் மூட்டை கொண்டுபோவதுதான் அதன் வேலை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முள்ளு கத்திரிக்காய். ஓட்டுவதும் உரிமையாளரே; ஐம்பதைத் தாண்டியவர்.

அவர் சொன்ன புகார் இது: "தம்பி, கிளட்ச் மிதிச்சா தீஞ்ச நாத்தம் வருது. சில சமயம் ஃபாக் லைட்டும் ஒரு நொடி மங்குது. மெக்கானிக் கிளட்ச் பிளேட் போயிடுச்சுன்றாரு. கியர்பாக்ஸை இறக்கணுமாம்."

கிளட்ச் பிளேட் என்று அந்த மெக்கானிக் நினைத்ததில் நியாயம் உண்டு. மிதித்தால் நாற்றம், விட்டால் இல்லை, பாரம் ஏற்றும் வண்டி. யாரும் முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் கிளட்ச் பிளேட் தேய்ந்து நழுவும்போது வரும் நாற்றம் கருகிய காகிதத்தைப் போல, பிரேக் சூடான வாடையைப் போல இருக்கும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் வேகம் கூடும், வண்டி வேகம் கூடாது. இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை. நாற்றமும் வேறு: மூக்கைக் குத்துகிற, தொண்டையில் உறைக்கிற வாடை. வயர் உறையில் இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அந்தக் குத்தல் அதனால்தான். அதோடு, பழுது கிளட்ச் பிளேட்டில் மட்டும் என்றால் லைட் எதற்கு மங்க வேண்டும்? அந்த ஒரு வரியைக் கேட்டதும் கியர்பாக்ஸை மறந்துவிட்டு ஃபாக் லைட் வயர் எப்படிப் போகிறது என்று பார்க்கத் தோன்றியது.

வரலாறு

மார்கழி மாதம் பாலாற்றை ஒட்டிய சாலைகளிலும் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரத்திலும் விடியற்காலைப் பனி கண்ணை மறைக்கும். ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகி எதிரில் நிற்கும். கீழே, பம்பர் உயரத்தில், அகலமாக ஒளி பாய்ச்சும் ஃபாக் லைட் அந்த நேரத்தில் உண்மையிலேயே உதவும். ஆகவே இவர் ஃபாக் லைட் போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஆக்சசரீஸ் கடையில் 55 வாட் ஹாலோஜன் ஜோடி ஒன்றை வாங்கி, அங்கேயே மாட்டியும் வாங்கினார்.

பெட்டியில் லைட்டோடு ரிலே ஒன்றும் வந்திருக்கிறது; ஸ்விட்ச்சின் சின்னக் கரண்டைக் கொண்டு லைட்டின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி அது. "ரிலே எதுக்கு, டைரக்டா ஸ்விட்ச்லயே போடலாம்" என்று கடைப் பையன் அதைக் கையில் கொடுத்துவிட்டான். நான் பார்க்கும்போதும் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு டிராயரில், பழைய டோல் ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது.

மாட்டிய நாளிலிருந்தே வெளிச்சம் மஞ்சளடித்தது. போய்க் கேட்டபோது கடையில் பல்பை 100 வாட்டாக மாற்றினார்கள். சில வாரம் கழித்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் போனது. இந்த முறை பச்சை நிற 30 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டார்கள். அப்புறம் ஐப்பசி மழையில் டிரைவர் காலடி மேட் நனைய ஆரம்பித்தது. முன் கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகுகிறது என்று யாரோ சொல்ல, கண்ணாடி ஓரம் முழுக்கப் பசை பூசினார். மேட் நனைவது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நாற்றம்.

மஞ்சள் வெளிச்சம், போன ஃப்யூஸ், நனைந்த மேட், நாற்றம். நான்கையும் நான்கு தனி நோயாக நினைத்து நான்கு இடத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார். நான்கும் ஒரே வயரிங்கிலிருந்து வந்தவை.

பானெட்டைத் திறந்ததும்

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சிவப்பு வயர் நேராக ஃபயர்வாலுக்குப் போகிறது. ஃபயர்வால் என்பது இன்ஜின் அறைக்கும் நாம் உட்காரும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் இரும்புத் தகடு. சூடு, சத்தம், புகை, டீசல் வாடை, தீ இவற்றையெல்லாம் அந்தப் பக்கமே நிறுத்துவது அதுதான். கம்பெனி வயரிங்கும் அதைக் கடந்துதான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு துளையிலும் தடித்த ரப்பர் கிரோமெட் இருக்கும், துளையின் விளிம்பு வயரில் படாமல் காக்கும் வளையம்.

இந்தச் சிவப்பு வயருக்குக் கடைக்காரர்கள் தனியாகத் துளை போட்டிருந்தார்கள், கிளட்ச் கேபிள் நுழையும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே. கிரோமெட் இல்லை. டிரில் விட்டுப்போன பிசிறு அப்படியே நிற்கிறது, சுற்றிலும் துரு. வயர் தொங்காமல் இருக்கட்டும் என்று அதைக் கிளட்ச் கேபிளின் மேலுறையோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். இந்தப் பழுதுக்கு அந்த ஒரு டை போதும். கிளட்ச்சை மிதிக்கும்போது கேபிளின் உறை கொஞ்சம் வளைந்து நிமிரும். கூடவே கட்டப்பட்ட வயரும் துளையின் விளிம்பில் அரை விரல் அளவு முன்னும் பின்னும் போகும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். பிசிறோடு சேர்ந்தால் அது ரம்பம். மார்க்கெட் வாசலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் வண்டியில் ஒரு காலைப் பொழுதுக்கு எத்தனை தடவை கிளட்ச் மிதிபடும்!

வேலூர் வெயிலும் தன் பங்கைச் செய்தது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில், ஓடி வந்து நின்ற வண்டியின் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வயர் வீட்டுக்கு இழுக்கும் சாதாரண பி.வி.சி. வகை. அதன் தாங்கும் அளவு 70 டிகிரி. வண்டிக்கென்று வரும் நல்ல வயர் 105 டிகிரி வரை தாங்கும். மெத்தென்று ஆன உறையை அறுப்பது சுலபம்.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை

வண்டிக்காரர் கேட்ட ஒரு கேள்விதான் இந்த நிகழ்வின் மையம். "ஷார்ட்டுன்னா ஃப்யூஸ் போவணும்ல? போவலையே, அப்புறம் எப்படி ஷார்ட்டு?"

பதிலை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. சிவப்பு வயரின் நுனியில் இருந்த உலோக வளையமான லக்கைப் பேட்டரி முனையிலிருந்து கழற்றி, இரண்டுக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக வைத்தேன். இந்தப் பல்பு நடுவில் இருக்கும்வரை எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. ஸ்விட்ச் ஆஃப். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த 30 ஆம்பியர் ஃப்யூஸையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாயிற்று. பல்பு எரியவில்லை, எரியவும் கூடாது. இப்போது கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கரண்ட் போகும் பாதை இது: பேட்டரி, துளை, கேபினுக்குள் ஃப்யூஸ், ஸ்விட்ச், மறுபடி அதே துளை, வெளியே லைட். ஃப்யூஸ் இருப்பது துளையைத் தாண்டிய பிறகு. பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த இரும்புப் பாடியை வயர் தொடுவது துளையில். அதாவது பேட்டரிக்கும் பழுதுக்கும் நடுவில் ஃப்யூஸே இல்லை. அது 30 ஆம்பியராக இருந்தாலும் 5 ஆம்பியராக இருந்தாலும் இந்த ஷார்ட் அதன் வழியாகப் போவதே இல்லை. வாசலை விட்டுவிட்டு சமையலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

ஃப்யூஸ் லைட்டைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. அதனால் அதன் இடம் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். அதைத் தாண்டிய ஒவ்வொரு அடி வயரும் அதன் காவலில் வந்துவிடும். அளவும் வயரைப் பொறுத்தது. 30 ஆம்பியர் ஃப்யூஸ் 30 ஆம்பியரில் உருகாது. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் நிமிடக் கணக்கில் தாங்கலாம். இங்கே போட்டிருந்தது 1 சதுர மில்லிமீட்டர் வயர். பானெட் சூட்டில் அதற்குப் பத்து ஆம்பியர் சுற்றளவில் நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. ஆகவே இடம் சரியாக இருந்திருந்தாலும் பச்சை ஃப்யூஸால் இந்த வயரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அப்படியானால் வண்டி ஏன் எரியவில்லை? முழுக்க ஒட்டிக்கொண்ட ஷார்ட் என்றால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். சில நொடிகளில் வயர் முழு நீளத்துக்கும் புகையும். இங்கே துருவும் பிசிறும் நடுவில் இருந்ததால் தொடுதல் அரைகுறை, அதுவும் மிதிக்கும் நேரத்துக்கு மட்டும். உறையை உரித்துப் பார்த்தேன். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் வழக்கமாக 0.2 மில்லிமீட்டர் கனத்தில் 32 இழைகள் இருக்கும். துளை பட்ட இடத்தில் பாதிக்கு மேல் அறுந்து போயிருந்தன. ஒவ்வொரு இழையும் தொட்டு, பொறிந்து, தானே அறுந்து ஷார்ட்டை விலக்கியிருக்கிறது. ஒரு விதத்தில் அந்த இழைகள்தான் ஃப்யூஸ் வேலை பார்த்தன. மீதி இழைகளும் விளிம்பில் போய் அழுந்தியிருந்தால் நான் எழுதுவது வேறு அறிக்கையாக இருந்திருக்கும். தீப்பிடித்த வண்டியில் வெளியில் போட்ட வயரிங் இருந்தால் காப்பீட்டு சர்வேயர் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

மஞ்சள் வெளிச்சத்தின் கணக்கு

அறுந்த இடத்தைத் தற்காலிகமாகச் சரிசெய்து, பேட்டரியோரம் ஒரு ஃப்யூஸும் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.7 வோல்ட். லைட் முனையில் 11.2. நடுவில் 2.5 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

அதில் பெரும் பங்கு வயரில். பேட்டரியிலிருந்து கேபினுக்கு வந்து, ஸ்விட்ச்சைத் தொட்டு, மறுபடி முன்னால் பம்பர் வரை போனால் ஐந்தரை மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.017 ஓம் மின்தடை. ஐந்தரை மீட்டருக்கு சுமார் 0.094 ஓம். 100 வாட் பல்பு இரண்டு இழுப்பது சுமார் 16 ஆம்பியர். ஆகவே வயரில் மட்டும் ஒன்றரை வோல்ட். மீதி, ஸ்விட்ச்சின் தொடுமுனை, முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகள், பெயிண்ட் சுரண்டாமல் பாடியோடு முடுக்கிய எர்த் போல்ட் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட். ஸ்விட்ச்சைத் தொட்டால் சூடு தெரிந்தது.

ஹாலோஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். முதலில் போட்ட 55 வாட் பல்பு மங்கலாக எரிந்ததற்குக் காரணம் பல்பு அல்ல, வந்து சேராத வோல்டேஜ். அந்த நேரத்தில் ஒரு மல்டிமீட்டரை லைட் முனையில் வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பதிலாகப் பெரிய பல்பு போட்டார்கள். பெரிய பல்பு அதிக ஆம்பியர் இழுக்கும், வயரில் இழப்பு இன்னும் கூடும். 16 ஆம்பியருக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் உடனே போய்விடாது. மட்டமான ஹோல்டரின் சூடும் கேபின் சூடும் சேர்ந்து சில வாரத்தில் போனது. அது போனபோதாவது யாராவது காரணம் தேடியிருக்கலாம். பெரிய ஃப்யூஸ் போடுவது காரணம் தேடுவதற்கு எதிரான வேலை.

மேட் நனைந்தது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பானெட் ஓரம் வடியும் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே சரிந்து, கிரோமெட் இல்லாத துளை வழியாக உள்ளே சொட்டியிருக்கிறது. கண்ணாடிக்குப் பூசிய பசை வீண்.

மாற்றிப் போட்டது

துளையில் கிரோமெட் மாட்டி, வயரைப் புதிதாக இழுத்தால் போதாதா என்று அவர் கேட்டார். போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் ஒருநாள் காயும், வெடிக்கும். அன்றைக்கு அந்த வழியாகப் போகிற வயரில் என்ன ஓடுகிறது என்பதுதான் கேள்வி. லைட்டும் முன்னால், பேட்டரியும் முன்னால். பத்துப் பதினைந்து ஆம்பியர் எதற்காகக் கேபினுக்குள் சுற்றுலா வந்துவிட்டுத் திரும்ப வேண்டும்?

டிராயரில் கிடந்த ரிலேவை எடுத்து பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினேன், தண்ணீர் தேங்காது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் மூடி போட்ட ஹோல்டரில் நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேக்குள் கரண்ட் நுழையும் 30-ஆம் எண் முனைக்கு. வெளியே போகும் முனையான 87-இலிருந்து அதே கன வயர் லைட்டுக்கு. பல்பு மறுபடி 55 வாட். ஜோடிக்குப் பத்து ஆம்பியர் சுற்றளவு. எர்த்துக்குப் பெயிண்ட் சுரண்டி, கிரீஸ் தடவி, பல் வைத்த வாஷரோடு முடுக்கினோம். இணைப்புகள் எல்லாம் லக் போட்டு நசுக்கியவை. ஈயம் வைக்கவில்லை, ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடியும்.

இனி ஃபயர்வாலைக் கடப்பது ரிலே சுருளின் வயர் ஒன்று மட்டும். அதில் ஓடுவது 0.15 ஆம்பியர் அளவு. இதிலும் இரண்டு வழி உண்டு. வழக்கமாக ஸ்விட்ச்சிலிருந்து பாசிட்டிவை வெளியே அனுப்பி, சுருளின் ஒரு முனையான 86-இல் கொடுப்பார்கள். நான் தலைகீழாகக் கொடுத்தேன். 86-க்கு வேண்டிய பாசிட்டிவை பானெட்டுக்குள்ளேயே ஹெட்லைட் லோபீம் வயரிலிருந்து, சின்ன ஃப்யூஸ் ஒன்றின் வழியாக எடுத்துவிட்டேன். சுருளின் மறுமுனையான 85-இலிருந்து வரும் வயர்தான் ஃபயர்வாலைக் கடந்து ஸ்விட்ச்சுக்கு வருகிறது. ஸ்விட்ச் அதை எர்த்தோடு சேர்க்கிறது. இப்படிப் போட்டால், நாளைக்கே அந்த வயர் தேய்ந்து தகட்டைத் தொட்டாலும் ஷார்ட் ஆகாது. ஸ்விட்ச் செய்கிற வேலையையே தகடு செய்யும், அதாவது ஃபாக் லைட் தானாக எரியும். பழுது புகையாக வராமல் வெளிச்சமாக வரும். ஹெட்லைட்டை அணைத்தால் இதுவும் அணைவதால் பேட்டரியும் இறங்காது.

இதை அப்படியே எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வண்டிகளில் ஹெட்லைட்டையே எர்த் பக்கம்தான் ஸ்விட்ச் பண்ணியிருப்பார்கள்; மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். பல்பு இழுக்கும் கரண்டைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் புதிய வண்டிகளில் ஹெட்லைட் வயரைக் கீறவே கூடாது.

எங்கே கடப்பது? புதுத் துளை போடவில்லை. வலது, இடது இரண்டு பக்க ஸ்டீயரிங்குக்கும் ஒரே தகட்டை அடிக்கும் வண்டிகளில் மறுபக்கம் பயன்படாத துளைகள் ரப்பர் மூடியோடு இருக்கும். இதிலும் இடது பக்கம் ஒன்று இருந்தது. முனையை மழுக்கிய சைக்கிள் ஸ்போக்கில் சோப்பு நீர் தடவி மூடியின் நடுவில் குத்தி, வயரை அதன் வாலில் ஒட்டி இழுத்தால் ரப்பர் தானே வயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி வயர்க்கட்டான ஹார்னஸ் நுழையும் பெரிய கிரோமெட் வழியாகவும் இதையே செய்யலாம். கத்தியால் மட்டும் கீறக் கூடாது, உள்ளே எந்த வயர் எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாது. துளை போட்டே தீர வேண்டும் என்றால் மறுபக்கம் ஏ.சி. சுருளா, ஹார்னஸா, பெடல் பிராக்கெட்டா என்று கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, டிரில் முனையில் கட்டை ஒன்றைத் தடுப்பாகச் செருகிக்கொண்டு போட வேண்டும். பிசிறு ராவி, துத்தநாக பிரைமர் அடித்து, அப்புறம் கிரோமெட்.

உள்ளே நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினோம். தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும். வரிவரியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சைலன்சர் பக்கமும் ஸ்டீயரிங் தண்டின் பக்கமும் அண்டாமல், அசையாத பாகங்களில் மட்டும் கட்டினோம். பழைய துளையைத் துரு சுரண்டி பிரைமர் அடித்து, ரப்பர் மூடியும் சிலிக்கானும் வைத்து அடைத்தாயிற்று.

பிறகு

இன்ஜின் ஓட அளந்தபோது பேட்டரியில் 13.8, லைட் முனையில் 13.3. அவருக்கு இந்த எண்கள் முக்கியமில்லை. 55 வாட் பல்பு, எடுத்துப் போட்ட 100 வாட்டைவிட வெள்ளையாக எரிவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். லைட்டின் முகத்தையும் தாழ்த்தி வைத்தோம். எட்டு மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசக்கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி சொல்கிறது. எதிரில் பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும்.

அடுத்த மழைக்குப் பிறகு மேட் காய்ந்தே இருந்தது. டிரைவர் பக்கக் கீழ்த்தகட்டில் பழைய ஈரத்தால் ஒரு எர்த் இணைப்பு பச்சைப் பூத்திருந்ததை மட்டும் பின்னால் ஒருநாள் மாற்ற வேண்டி வந்தது. கிளட்ச் பிளேட் இன்னும் பழையதுதான்; கியர்பாக்ஸை யாரும் இறக்கவில்லை.